தண்ணீரைப் பாதியாக்கிய வளையம்

வந்திருந்தோர்: தண்ணீர்ச் சங்கத் தலைவர் தோர்கில்ட். டென்மார்க்கின் வெஸ்டர்லுண்ட் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவர். பசுப்பண்ணைக்காரி போடில். தண்ணீரோடு பேசுகிறவர் என்று பெயரெடுத்த சிக்வால்ட். காப்பிக் குடுவைகள், வெண்ணெய் தடவிய பன்கள். மூளையை வீட்டிலேயே விட்டு வந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

ஞாயிறு மதியம் பம்பு வீட்டில் நிற்க இடமில்லை. சிக்வால்ட் குழாயில் ஒரு செம்பு வளையம் மாட்டியதிலிருந்து, ஊரின் தண்ணீர்ச் செலவு பாதியாகிவிட்டதாகச் சுவரிலிருந்த மீட்டர் பெட்டி காட்டியது. வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று ஊரே கியூவில் நின்றது. பாதித் தண்ணீருக்கு எதற்கு இரண்டு பம்பு? இரண்டாவதை விற்றுவிடலாம் என்பதுதான் அன்றைய தீர்மானம்.

போடிலின் பண்ணை குழாயின் கடைக்கோடியில் இருந்தது. ஒற்றைப் பம்பு ஓடினால் அங்கே காற்றுதான் வரும். மாடுகள் காற்றைக் குடிப்பதில்லை.

"யாராச்சும் குளிக்கிறதக் குறைச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே, எப்பவும்போலத்தான்," என்றது கூட்டம்.

"அப்புறம் எப்படிப் பாதியாச்சு?"

"அதானே அதிசயம்!"

"உயிருள்ள தண்ணிம்மா. கேள்வி கேட்டா அதுக்கு மனசு வாடிடும்," என்றார் சிக்வால்ட்.

தோர்கில்ட் எல்லோரையும் கை தூக்கச் சொன்னார். மழை பெய்கிறதா என்பதைக்கூடக் கை தூக்கி முடிவு செய்யும் ஊர் அது.

போடில் கை தூக்கவில்லை. பால் கூடத்தில் இதே மாதிரிக் கருவியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள். குழாய்க்குள் ஒரு சின்னச் சக்கரம். அதில் ஒரு காந்தம். தண்ணீர் ஓட ஓடச் சக்கரம் சுற்றும். காந்தம் கடக்கும்போதெல்லாம் மேலே இருக்கும் உணர்வி ஒரு மின்துடிப்பைக் கம்பியில் அனுப்பும். பெட்டி எண்ணுவது அந்தத் துடிப்பைத்தான். தண்ணீரை அது கண்டதே இல்லை. வளையமோ, அந்த உணர்வியின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது.

இருபது லிட்டர் பால் கேனைக் குழாயடியில் வைத்துத் திறந்தாள். கேன் நிரம்பி வழிந்து தோர்கில்டின் சப்பாத்தை நனைத்தது. பெட்டி பத்து லிட்டர் என்றது.

"சக்தி ஏறின தண்ணி பொங்கும்," என்றார் சிக்வால்ட்.

"அப்போ வளையத்த ஒரு முழம் தள்ளி வைக்கிறேன். அதே குழாய், அதே தண்ணி. பொங்கட்டும்."

"வேணாம், தொடாதே!" என்று பதறினார் சிக்வால்ட்.

அவள் தள்ளிவைத்து மறுபடி நிரப்பினாள். பெட்டி இருபது என்றது. திருப்புளியை வளையத்தருகே நீட்டினாள். டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"செம்புல இரும்பு ஒட்டுமாய்யா? உள்ள என்ன காந்தமா வச்சிருக்கே? அதான் உணர்வி குழம்பிப் பாதித் துடிப்பக் கோட்டை விட்டிருக்கு!"

சிக்வால்ட் வாசல் பக்கமாக ஓரடி நகர்ந்தார்.

தோர்கில்ட் தொண்டையைச் செருமினார். "கேன் நிரம்பிச்சா இல்லையான்னு ஓட்டுக்கு விடலாமா?"

"உன் சப்பாத்தப் பிழிஞ்சு பாருய்யா!" என்றாள் போடில்.

கூட்டம் சிரித்தது. பம்பு தப்பியது. சிக்வால்டை ஆளுக்கொரு கையாக வாசலுக்குத் தள்ளினார்கள். பின்னாலிருந்து ஒருவர் மட்டும், அந்த வளையம் முட்டிவலிக்காவது கேட்குமா என்று முணுமுணுத்தார்.

"அடுத்த தடவ கையத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வாளியத் தூக்குங்க," என்ற போடில், சிக்வால்டின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.