சுவர்கள் அதிகமாகிப் போன சீட்டுக்கட்டு

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் நலம். அவளுடைய தையல் மெஷினும் நலம், யார் தூங்கினாலும் அது தூங்குவதில்லை. அத்தானின் முதுகு இப்போதாவது நிமிர்கிறதா என்று எழுதுங்கள். நான் எழுத வந்த காரணம் ஒன்றுதான். என் பெண்கள் இருவருக்கும் சமாதானம் பேச நீங்களே புறப்பட்டு வரப்போவதாகப் போனில் சொன்னீர்களே, அதற்கு இனி அவசியம் இல்லை. அந்த வேலையை ஒரு சீட்டுக்கட்டு முடித்துவிட்டது. சீட்டு என்றதும் பதறாதீர்கள், இது பணம் வைத்து ஆடுவது அல்ல.

சண்டையின் காரணம் உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பல் டாக்டரான நம் பெரியவள், விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேசையில், "எங்க சின்னவ இந்த வயசுலயும் பொம்மைச் சீட்டு வச்சு விளையாடுறா" என்று சொல்லிச் சிரித்தாள். சின்னவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். எது நின்றுபோனாலும் உள்ளே என்ன என்று திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. சின்னவளின் அறைக்குப் போய், "அது என்ன சீட்டும்மா, எனக்கும் காட்டேன்" என்றேன். ஒவ்வொரு சீட்டும் ஒரு ஆள், அல்லது மிருகம், அல்லது மந்திரமாம். பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரே நிறமாகச் சேர்த்தால் பலம் கூடுமாம். கடையில் விற்கிற கட்டை அப்படியே ஆடாமல், பிடித்த சீட்டுகளை மட்டும் பொறுக்கிச் சொந்தமாக ஒரு கட்டு சேர்க்கிறாளாம். ஆட்டத்துக்கு முன் அதைக் கலைத்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும், நமக்கு வருவதிலும் ஒன்றை எடுத்துவிட்டுத் தள்ள வேண்டும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். கடைசியில் கையில் சேர்ந்ததை வைத்துத்தான் மோதல். "நல்ல சீட்டெல்லாம் விலை ஜாஸ்திப்பா. அதே வேலையைச் செய்யிற மலிவான சீட்டாத் தேடணும், எனக்குத்தான் நேரமில்ல" என்றாள். எனக்கு நேரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது அக்கா?

சீட்டு விற்கிற கடை, ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. கடைக்காரர் வீட்டுக்குள்ளும் தொப்பி போடுகிற ரகம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டிராகன் படுத்திருந்தது. விலையைக் கேட்டதும், "இந்த விலைக்கு ஒரு ஃபிரிட்ஜே வாங்கலாமே, இது குளிர் விடுமா?" என்றேன். தொப்பிக்காரர் சிரிக்காமல், "இல்ல சார், இது நெருப்புதான் விடும்" என்றார். ஏன் இந்த விலை என்று குடைந்தேன். ஆசைப்படுகிறவர்கள் நிறைய, அச்சடித்தது கொஞ்சம், அவ்வளவுதான் என்றார். பிறகு மேசைக்கு அடியில் யாரும் சீண்டாத பெட்டிகளை இழுத்துப் போட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன்தான், முழங்கால் என்னுடையது என்பதே மறந்துவிட்டது. அதே டிராகன், அதே வேலை, படம் மட்டும் வேறு. பார்ப்பதற்குச் சளி பிடித்த பல்லி மாதிரி இருந்ததால் ஒரு டீ விலைக்குக் கிடந்தது! அடுத்து ஒரு காளான். செத்தால் இரண்டு குட்டிக் காளானாக முளைக்குமாம். இதை ஏன் யாருமே எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "படம் அழகா இல்ல சார்" என்றார். "படத்தைப் பார்த்தா சார் மோதுவாங்க?" என்றேன். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போனது.

ஆனால் பழைய தொழில் புத்தி விடுமா. பாதுகாப்பு முக்கியம் என்று சுவர்ச் சீட்டுகளாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்: கல் சுவர், முள் சுவர், பனிச் சுவர். நானும் மனைவியும் சின்னவளும் ஆடிப் பார்த்தோம். மூவரும் சுவருக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தோம், ஒருத்தரை ஒருத்தர் தொடக்கூட முடியவில்லை. மனைவி எழுந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துவிட்டு வந்து, "இன்னும் என் முறை வரலையா?" என்றாள். சின்னவள் தலையில் கைவைத்துக்கொண்டு, "அப்பா, இது விளையாட்டு இல்ல, கட்டட வேலை" என்றாள். பாதிச் சுவரை இடித்தேன். அப்போதும் மூன்று பேருக்கு ஆட்டம் சூடு பிடிக்கவில்லை. நாலாவது ஆள் வேண்டும்.

பல் வலி என்று பெரியவளுக்குப் போன் போட்டேன். பையும் டார்ச்சுமாக ஓடி வந்தவள், "எந்தப் பல்லுப்பா?" என்றாள். "பல்லு இருக்கட்டும்மா, ஒரு கை குறையுது, உக்காரு" என்றேன். முறைத்தாள், ஆனால் உட்கார்ந்தாள். அவள் தள்ளும் சீட்டு சின்னவளுக்குப் போகிற மாதிரி இடம் அமைந்தது; அமைந்தது என்ன, நான்தான் அமைத்தேன். சீட்டுகள் கை மாறின. பிறகு சின்னவள் வீட்டுச் சுவரைப் பார்த்து, "அம்மா, யாரோ எனக்கு நல்ல பச்சைச் சீட்டா விடுறாங்க. பாவம் பார்த்து விட்டா வேண்டாம்னு சொல்லு" என்றாள். பெரியவள், "அம்மா, எனக்குப் பச்சை ஆகாதுன்னு சொல்லு" என்றாள். உங்கள் தம்பி மனைவி, "நீங்க நேராப் பேசிக்குங்கடி, நான் நீலம் சேர்த்துக்கிட்டிருக்கேன், என் கவனத்தைக் கலைக்காதீங்க" என்றாள். மோதலில் பெரியவளின் பெரிய பூதத்தைச் சின்னவளின் அந்தக் காளான் குடும்பம் சுற்றி வளைத்து முடித்துவிட்டது. பெரியவள் சீட்டைப் பிடுங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். "இது எப்படிடி ஜெயிச்சது?" "இதைத்தான் பொம்மைச் சீட்டுன்னு சொன்னே" என்றாள் சின்னவள். பெரியவள் மெதுவாக, "எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றாள். சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு ஆட்டம் போடு" என்றாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட்டைக் கலைத்தாள், ஆனால் கன்னத்தில் சிரிப்பு தெரிந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

ஆகவே நீங்கள் அலைய வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. வீடு முழுக்கப் பேச்சுச் சத்தமாக இருக்கிறது, அது இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விபரீதம். பெண்கள் இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நான் பொறுக்கியதில் பாதியைக் கழித்துவிட்டு வேறு சீட்டுகள் வாங்கி வந்திருக்கிறார்கள். "உங்க டேஸ்ட் சரியில்லப்பா" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். நான் அவர்களோடு பேசுவதில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள். எனக்காகப் பேச இங்கே ஆள் இல்லை.