நேபுகாத்நேச்சார் வாய் திறக்காத ஞாயிறு

ஆண்டவரிடம் இத்தனை தடவை மன்னிப்புக் கேட்ட மனிதர் இலங்கை மலைநாட்டில் இன்னொருவர் பிறக்கவில்லை. லிந்துலைக்கு மேலே நான் ஆசிரியனாக இருந்த தேயிலைத் தோட்டத்தில் அவரை எல்லோரும் நேபுகாத்நேச்சார் என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. அதற்கு முந்திய கதை அப்படியல்ல.

அவர் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. வண்டி கிளம்பாவிட்டால் வண்டியைத் திட்டுவார். கிளம்பிவிட்டால், இவ்வளவு நேரம் ஏன் கிளம்பவில்லை என்று திட்டுவார். அட்டை கடித்தால் அதன் பரம்பரையையே இழுப்பார். மனைவி இறந்தபின் அவருக்கு இருந்தது ஒரே மகள். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்த அவள், அங்கே ஒருவரை விரும்புவதாகப் போனில் சொன்னாள். அவர் சொன்ன பதில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதற்கும் கேட்டது. அதன்பிறகு அவள் அவருடைய அழைப்பை எடுக்கவேயில்லை. கல்யாணத்துக்கும் சொல்லவில்லை.

அப்போதுதான் லயத்துக்கு மேலேயிருந்த சின்ன ஜெபவீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் ஆற்றில் ஞானஸ்நானமும் பெற்றார். மார்கழிக் குளிர். முழுகி எழுந்த முதல் மூச்சிலேயே பழைய வார்த்தை ஒன்று வந்துவிட்டது. போதகர் காது கேளாதவர்போல ஜெபத்தைத் தொடர்ந்தார்.

கெட்ட வார்த்தை வரும்போது வேதத்திலிருந்து ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள் என்று போதகர் யோசனை சொன்னார். இவருக்கு வசனம் எதுவும் மனதில் நிற்கவில்லை; ராஜாக்களின் பெயர்கள் மட்டும் நின்றன. மறுநாள் டிராக்டர் சேற்றில் புதைந்தது. “டேய் நேபுகாத்நேச்சாரு” என்று ஆரம்பித்து, பெல்ஷாத்சார், சனகெரிப் என்று அவர் அடுக்கியதில் கொழுந்து பறித்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணி நேராகப் போதகரிடம் போனார்.

“ஐயா, அந்த பெல்ஷாத்சாருங்கிறது அம்மாவப் பத்தினதா, அக்காவப் பத்தினதா?”

ராஜாக்களுக்கும் தடை விழுந்தது. பிறகு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். சில வாரம் தோட்டமே அமைதியாக இருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது தண்ணீர் முழுவதும் எதிரே வந்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையாவின் முகத்தில் தெறித்தது. கண்டாக்கையா திட்டினார். வாய் காலியாக இருந்ததால் இவரும் திருப்பித் திட்டினார். வேலையிலிருந்து ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் சபையில் எழுந்து நின்று, “இந்த வாரமும் விழுந்துட்டேங்க” என்பார். முதலில் கேட்டவர்கள் அழுதார்கள். பிறகு சிரித்தார்கள். அதன்பிறகு சிரிக்கவும் ஆளில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்குப் போயின. போதகருக்கும் உடம்புக்கு முடியாமல் வருவது நின்றது. சாவி மட்டும் இவரிடம் இருந்தது.

என் அறை ஜெபவீட்டை ஒட்டியது. வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் அவர் எழுந்து நின்று அதே வாக்கியத்தைச் சொல்வது ஞாயிறுதோறும் சுவர் வழியாகக் கேட்கும். நான் சைவ சமயத்துக்காரன். ஆனாலும் ஒருநாள் மனசு கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆளே இல்லாதபோது யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கேக்க ஆளில்லன்னா விழுந்தது இல்லன்னு ஆயிருமா சேர்?” என்றார். பிறகு, “ஆண்டவரு தூக்கி விட்டுர்றாரு. அதுக்கப்புறம் படுத்தா கெடக்கிறது?” என்றார்.

ஜெபம் முடிந்ததும் மலைமேல் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறி மகளுக்குப் போன் எடுப்பார். மணி அடித்து ஓயும். இறங்கி வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார். என் போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன். ஏமாத்திப் பேச வைக்கக்கூடாது சேர் என்று மறுத்துவிட்டார்.

ஒரு ஞாயிறு நானும் பாறையில் இருந்தபோது மகள் எடுத்துவிட்டாள். டிராக்டர் சத்தத்தில் காது மந்தமானவர், ஸ்பீக்கரில்தான் பேசுவார். அவள் “ஹலோ” என்றாள். இவர் வாயைத் திறக்கவில்லை. என்ன வந்துவிடுமோ என்ற பயம். அவள் பலமுறை கூப்பிட்டாள். பிறகு அவளுடைய குரல் உடைந்தது.

“அப்பா, திட்டவாச்சும் செய்ங்கப்பா.”

அவர் திட்டவில்லை. பாறையில் உட்கார்ந்து, “சாப்ட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார். மூடுபனி ஏறி சிக்னல் அறுந்தது. சிக்னலைக்கூட அவர் திட்டவில்லை.

சித்திரையில் மகளும் மருமகனும் வந்தார்கள். இரண்டாம் நாளே மருமகனை வாய் தவறித் திட்டிவிட்டார். அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. லீவு முடிந்துதான் போனார்கள். அந்த ஞாயிறும் அவர் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் எழுந்து நின்றார்.

எனக்கு வலப்பனைக்கு மாற்றல் வந்துவிட்டது. இங்கே என் அறையை ஒட்டி யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் மிக அமைதியாக இருக்கின்றன. அந்த அமைதி எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது.