மூக்கில் மாட்டிய இரும்பு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (அப்படி அழைக்கும் யோக்கியதை எனக்கு இன்னும் மிச்சமிருந்தால்),

வணக்கம். தாங்களும் வீட்டாரும் பண்ணையிலுள்ள மாடு கன்றுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலமில்லை. மூக்கு வீங்கியிருக்கிறது, மானம் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது நான் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நேரா மாட்டுக் கொட்டகையிலேருந்து வர்றேன், தப்பா நெனைக்காதீங்க" என்று தாங்கள் சொன்னதும் இன்னும் இறுக்கிப் பொத்தினேன். "ஜலதோஷமா?" என்று கேட்டீர்கள். மண்டு மாதிரி இல்லையென்று தலையாட்டினேன். "தூசி ஒத்துக்காதா?" அதற்கும் இல்லையென்று ஆட்டினேன். அப்போது யாருக்கும் தெரியாமல் தங்கள் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தீர்களே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காபியைக்கூட முடிக்காமல் எல்லோரும் எழுந்து போய்விட்டீர்கள். என் மகள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தங்கள் மேல் எந்த வாடையும் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

நடந்தது இதுதான். தாங்கள் வருகிறீர்களென்று காலையில் பரணைச் சுத்தம் செய்தேன். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பழைய இரும்புச் சாமான் ஒன்று கிடைத்தது. இடுக்கி போல இரண்டு கை, வளைந்த நுனிகளில் கோலிக்குண்டு அளவில் இரண்டு உருண்டை, கைகளை இறுக்கிப் பூட்ட ஒரு வளையம். என் மனைவி, கொட்டை உடைக்கிறது என்றாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர், துணி பிடிக்கிறது என்றார். நான் நில அளவை ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன், சும்மா இருப்பேனா? நுனியில் கூர் இல்லை, ஆகவே வெட்டுவதற்கல்ல. வழவழப்பாக உருட்டியிருக்கிறான், ஆகவே உயிருள்ள சதையைப் பிடிப்பதற்கு. இடைவெளியோ கச்சிதமாக ஒரு மூக்கு. ஆகவே முத்துக் குளிக்கிறவன் மூச்சடக்க மாட்டிக்கொள்வது என்று தீர்ப்புச் சொன்னேன். "அவங்க வர்ற நேரம், வேலையப் பாருங்க" என்றாள் மனைவி. நிரூபித்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று மூக்கில் வைத்து வளையத்தைத் தள்ளினேன். போகும்போது நன்றாகத்தான் போனது. திரும்பி வரத்தான் மாட்டேனென்றது. துருப்பிடித்த சனியன்! எண்ணெய் விட்டு, சோப்புப் போட்டு, மனைவி சுவரில் காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் தங்கள் கார் சத்தம். வாயைத் திறந்தால் வேறு யாரோ பேசுகிற மாதிரி குரல் வருகிறது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் முதல் நாளே கோமாளியாகத் தெரியக்கூடாது என்ற வீம்பில் மரியாதை கெட்டவனாகிவிட்டேன்.

தாங்கள் போனபின் ஒரு பட்டறையில் தட்டிக் கழற்றினார்கள். அதை மகள் படமெடுத்து, எங்கே மாட்டியிருந்தது என்று சொல்லாமல், தங்கள் மகனுக்கு அனுப்பிக் கேட்டாள். வந்த பதிலைப் பேசாமல் என் முன் நீட்டினாள். "அடங்காத காளைய மூக்கப் பிடிச்சு நிறுத்துறது. எங்க பண்ணைலயும் ஒண்ணு இருந்துச்சு."

என் யோசனையில் பிசகு ஒன்றுதான், எந்த மூக்கு என்பதில். மாடு வளர்க்கிறவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஒளித்திருக்கிறேன் பாருங்கள்! துண்டை எடுத்திருந்தால் தாங்களே கழற்றிவிட்டிருப்பீர்கள். வெட்கமாக இருக்கிறது. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், என் முட்டாள்தனத்துக்காகப் பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள்.

தங்கள் மகனுக்கு என் ஆசி. வீட்டம்மாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத,
பெண்ணின் தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் வீட்டம்மா என் மனைவிக்குப் போன் செய்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து துண்டுக்குள் எல்லாம் தெரிந்ததாம். தங்களுக்கும் ஜாடை காட்டினார்களாம். காபியை வைத்துவிட்டு ஓடியது சிரிப்பை அடக்க முடியாமல்தானாம். இத்தனை நாள் போன் செய்யாததும் சிரிக்காமல் பேச வராததால்தானாம். கல்யாணத்துக்கு நாள் பார்க்க எங்களை வரச் சொன்னார்கள். பண்ணையில் இருந்தது தொலைந்துவிட்டதாம், வரும்போது அந்தச் சாமானையும் எடுத்து வர வேண்டுமாம். கொண்டுவருகிறேன். கையில்.