சந்தனம் வைத்த நிர்வாகி

ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாழ்ந்துவந்தது. மற்ற மிருகங்கள் எல்லாம் அதன் முன்னால் வரிசையில் வாழ்ந்துவந்தன.

அன்று அங்காயி என்ற முள்ளம்பன்றி வரிசையின் முன்னுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள், ஆலமரத்தடியில் ஒரே ஒரு வளை. மாலை ஐந்து மணிக்குள் அதைத் தன் பெயரில் பதியாவிட்டால் புறம்போக்கு ஆகிவிடும். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. பாவம், பதற்றத்தில் அவள் முட்கள் சலசலத்தன.

ஆபரேட்டர் குரங்கு உதட்டைப் பிதுக்கியது. "இந்த மனுவைத் தொறக்க புது புரோகிராம் ஏத்தணும்க்கா. ஏத்தப் போனா நிர்வாகி அனுமதி கேக்குது."

"நிர்வாகி யாருப்பா?"

"இதென்ன கேள்வி? ராஜாதான்."

சிங்கத்தை அழைத்து வந்தார்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் விரல்ரேகை வைக்கும் சின்னக் கண்ணாடி இருந்தது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன்மேல் காய்ந்து அப்பியிருந்தது. குரங்கு அதைச் சுரண்டி எடுக்க, சிங்கம் கம்பீரமாக விரலை வைத்தது.

"அடையாளம் தெரியவில்லை" என்றது திரை.

சிங்கம் கர்ஜித்தது. காடே நடுங்கியது. "மறுபடி முயற்சி செய்யவும்" என்றது திரை. நாலு கால் விரல்களையும் வைத்துப் பார்த்த சிங்கம், கடைசியில் மூக்கையும் வைத்தது. தன்னைத் தெரியாத ஒரு ஜந்து காட்டில் இருப்பதே அதற்கு அன்றுதான் தெரியும்.

மணி நாலே முக்கால்.

அப்போது ஆபீஸ் கூட்டும் பெருச்சாளி குழந்தைவேலு விளக்குமாற்றோடு உள்ளே வந்தது.

"ஐயய்யோ, நான் வச்ச பொட்டை யாரு அழிச்சது? சாமி குத்தமாயிடும்!" என்று பதறி, கண்ணாடியை விரலால் ஒரு துடை துடைத்தது.

டிங்! "வருக, நிர்வாகி அவர்களே!"

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் வந்திறங்கியதே அந்த ஆயுத பூஜையன்றுதான். கண்ணாடியில் முதலில் விரல் வைப்பவரே நிர்வாகி. சிங்கம் வாசலில் மாலை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தைவேலு கண்ணாடியைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டது.

சிங்கம் யாரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எங்க அமுக்கணும்னு சொல்லுங்க, அமுக்குறேன்" என்றது பெருச்சாளி.

"சரின்னு வர்ற எல்லாத்தையும் அமுக்கு. அதையெல்லாம் யாரு படிச்சா!" என்றது குரங்கு.

பெருச்சாளி ஏழு முறை அமுக்கியது. ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பட்டா அச்சாகி வந்து விழுந்தது. அங்காயி சந்தோஷம் தாங்காமல் பெருச்சாளியைக் கட்டிப்பிடிக்கப் போனாள். நல்லவேளை, அது விலகிக்கொண்டது.

பட்டாவில் வளைக்கு உரிமையாளர் என்ற இடத்தில் 'குழந்தைவேலு' என்று இருந்தது.

"யாரு அனுமதி குடுக்குறாங்களோ அவங்க பேரை அதுவாப் போட்டுக்குது. அப்படித்தான் செட் பண்ணி அனுப்பியிருக்காங்க" என்றது குரங்கு. "மாத்திடலாம்க்கா. நிர்வாகி அனுமதி வேணும்."

அங்காயி திரும்பினாள். "தம்பி வேலு, இன்னொரு தடவை விரலை வையேன். மழை புடிச்சிருச்சு, குட்டிங்க வெளிய நனையுதுப்பா."

விளக்குமாறு மூலையில் கிடந்தது. பெருச்சாளி சுழல் நாற்காலியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்மா. நாளைக்கு வரிசையில வாங்க" என்றது.

நீதி: ராஜாவாக யார் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை மட்டும் அடுத்தவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.