மலையேற மறுத்த கிராமபோன்

அம்பிட்டிய, கண்டி
1937 ஜனவரி

அன்பும் மரியாதையும் உரிய தாஸிம் நானாவுக்குத் தங்கை பாயிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பா சுகம், உம்மா சுகம், லொறியும் சுகம். கொழும்பில் நீங்களும் அவ்வாறே இருக்க அல்லாஹ் அருள்வானாக. நீங்கள் அனுப்பிய கிராமபோன் மட்டும் மௌத்தாகிவிட்டது. இதை மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன், பேனா முந்திவிட்டது.

நீங்கள் போன பிறகுதான் வாப்பா புடவை லொறியின் பின்பக்கம் பலகையால் ஓர் அறை கட்டுவித்தார். தோட்டங்களில் சம்பளக் கிழமை வந்தால் தெல்தோட்டைக்கும் பன்விலவுக்கும் போய், இரண்டு மூன்று நாள் அதிலேயே படுத்து எழும்பி வியாபாரம் செய்யலாம் என்பது அவர் கணக்கு. உம்மாவின் கையால் சமைத்ததைத் தவிர வேறெதுவும் அவருக்கு இறங்காது, ஆகவே உம்மாவும் போக வேண்டும். என்னைத் தனியே விட்டுப் போக முடியாது, ஆகவே நானும். எனக்கென்று சன்னல் ஓரத்தில் ஒரு சின்னக் கதிரை. திரைச்சீலையில் இரண்டு விரல் அளவுக்கு ஓர் இடைவெளி. நான் உலகத்தைப் பார்க்கிறேன், உலகம் என்னைப் பார்ப்பதில்லை. மேகம் தலைக்கு மேலே இருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. பன்விலப் பாதையில் அது நம் சக்கரத்துக்குக் கீழே கிடக்கிறது நானா! அதற்குள் என்ன இருக்கிறதென்று நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

முதல் பயணத்தில் உம்மாவுக்கு வளைவுக்கு வளைவு வாந்தி. நீங்கள் கிராமபோனை அனுப்பினீர்கள், இரண்டாம் பயணத்தில் வாந்தி இல்லை. பாட்டுத்தான் மருந்து என்று வாப்பா தீர்மானித்துவிட்டார். கொழும்பிலிருந்து எது வந்தாலும் அவர் நம்புவார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஏற்றம் தொடங்கியதும் அந்த ஒரே இசைத்தட்டுத்தான். அரண்மனையை இழந்த ராசா ஒருவர் அழுதுகொண்டே பாடுவார். உம்மா கையில் ஒரு புளிப்புத் தேசிக்காயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் தெல்தோட்டைக்கு விடியற்காலையில் ஏறும்போதுதான் ராசாவின் குரல் தடித்தது. பிறகு எருமை முனகுவதுபோல் ஆகி, நின்றேவிட்டது. "முதலாளி, மலையிலை ஏற ஏற என்ரை எஞ்சினுக்கே மூச்சு வாங்குது, இதுக்கு வாங்காதோ?" என்றார் றைவர் பெரியதம்பி. வீட்டுக்குக் கொண்டுவந்து மத்தியானம் சாவி கொடுத்தால் கணீரென்று பாடியது! மறுநாள் விடியப்புறம் லொறியில் வைத்தால் மறுபடியும் எருமை. வாப்பா அதைத் தூக்கிக்கொண்டு டவுனில் மணிக்கூடு திருத்தும் முத்துலிங்கத்திடம் போனார். அங்கே வெயிலில் மேசைமேல் வைத்ததும் அது ஒரு சுருதி பிசகாமல் பாடியதாம். "நல்லாத்தானே பாடுதுங்க மொதலாளி! நோயாளி எந்திரிச்சு நடக்கிறப்போ டாக்டர் வயித்தக் கிழிப்பாரா?" என்று திறந்தே பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு லொறி பிடிக்கவில்லை என்று வாப்பா முடிவுகட்டி, தலையணை வைத்தார், இடம் மாற்றினார், ஒருநாள் ராசாவுக்குத் தைரியம் சொன்னதையும் நான் கேட்டேன்.

எனக்கோ அதே யோசனை. மத்தியானம் பாடும் பொருள் விடியற்காலையில் ஏன் பாடாது? சூரியனுக்கும் சங்கீதத்துக்கும் என்ன உறவு? விடியலில் சுபஹு தொழுத கையோடு, ஒருவரும் பாராமல், பெட்டியின் துவாரத்தில் விரலை விட்டேன். வெள்ளையாக, வழுவழுவென்று ஏதோ ஒட்டியது. முகர்ந்தேன். என் தலைமயிரின் வாசம்! சன்னலில் இருந்த எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன், அதுவும் குளிரில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. யாரோ பெட்டிக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் நானா! குளிரில் உறைகிறது, வெயிலில் உருகுகிறது. அவ்வளவுதான் சங்கதி. எனக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை, அவ்வளவு சந்தோசம்.

ஆனால் வாப்பாவிடம் சொல்ல ஓடினால், அதற்குள் அவர் அதை லொறிக்குத் தூக்கிப்போய் உட்கார்ந்து, உறைந்த பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்க, வில்லுக்கம்பி அறுந்து துவக்கு வெடித்ததுபோல ஒரு சத்தம். பெரியதம்பி லொறிக்குக் கீழே போய்விட்டார். எண்ணெய் ஊற்றியது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எதைக் கண்டாலும் எண்ணெய் விடுகிற மனிதர். கேட்டால், "அல்லாவறிய நானில்லைப் பிள்ளை" என்று என்னுடைய அல்லாஹ்வையே எனக்குச் சாட்சிக்கு இழுக்கிறார்.

அடுத்த கிழமை பன்விலவில் சம்பளம். வாப்பா சொல்லிவிட்டார்: "பாட்டில்லாம ஒங்கட உம்மாவ அந்த வளைவுல கூட்டிப் போக ஏலா. நீங்க ரெண்டு பேரும் ஊட்டுல இரிங்க." அவர் பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டு தனியே போவாராம். உம்மா போகாவிட்டால் நானும் இல்லை. திரைச்சீலையின் அந்த இரண்டு விரல் உலகமும் இல்லை. ஆகையால் நானா, தயவுசெய்து புதிய கிராமபோன் ஒன்றை உடனே ரயிலில் அனுப்புங்கள். என் கலியாணத்துக்கு வாங்க நினைத்திருக்கும் அலுமாரியை வேண்டாமென்று எழுதித் தருகிறேன்.

வாப்பாவின் துஆவும் உம்மாவின் துஆவும் பெரியதம்பியின் வணக்கமும் உங்களைச் சேரட்டும். குளிரில் தலையை நனைக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
பாயிஸா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேங்காய் எண்ணெய் வந்த இடத்தில் உம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"பாவம் அந்தப் பெரியதம்பி. நான்தான் புள்ள ஊத்தின."

"என்னத்துக்கு உம்மா?"

"தையல் மெசினுக்கு ஒருக்கா ஊத்தி, குளிருக்கு அது இறுகிப் போனது நெனவு வந்த. அந்த ராசா அழுவுற அழுவைக்குத்தான் எனக்கு வகுத்தப் பொரட்டுற. தேசிக்காய மோந்து மோந்துதான் அடக்கிக்கிட்டு வந்த."

"வாப்பாக்கிட்டச் சொல்லீக்கலாமே?"

"எனக்காகண்டு ஆசையா வெச்ச மனிசனுக்கிட்ட எப்படிச் சொல்ற? இப்ப அது செத்தும் என்னை ஊட்டுல வெச்சிட்டுதே!"

ஆகவே நானா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கிராமபோன் வேண்டாம், அலுமாரி வேண்டும். வாப்பாவுக்கு மட்டும் உடனே ஒரு கடிதம் எழுதுங்கள்: புதிய கிராமபோனுக்குச் சீமையில் ஓடர் கொடுத்தாயிற்று, அது வந்து சேரும்வரை வளைவுகளில் தேசிக்காய் போதும் என்று கொழும்பில் ஒரு டாக்டர் சொன்னார் என்று. பெரியதம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கப்பல் ஆறுதலாக வரட்டும்.