நாலு வயிறும் என் செவலை ஆடும்

மலாக்கா மாநிலத்திலேயே ஆட்டுத் திருடனைவிட நான் அதிகமாகச் சந்தேகப்பட்ட ஆள் ஒருவர்தான். எங்கள் புக்கிட் ரம்பாய் பக்கத்தில் அவருக்கு 'நாலு வயிறு' என்று பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆட்டு வயிற்றில் நாலு அறை என்று ஆரம்பித்தால், கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடும்வரை விடமாட்டார்.

தீவன ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவராம். என் செம்மறிகளை வேலி ஓரம் நின்று பார்ப்பார். ஆடு வாங்க வருகிறவன் அதன் முதுகைத் தடவுவான். இவர் விலாவில் காதை வைத்து, கண்ணை மூடிச் சிரிப்பார். இப்படிப்பட்டவரை எப்படி நம்புவது? கொட்டகைக்கு இரண்டு பூட்டுப் போட்டேன்.

கோயில் விருந்துக்கு ஆடு அறுத்தால் எல்லோரும் ஈரல் கேட்பார்கள். இவர் சிறுகுடலைக் கேட்டு வாங்கி, விரித்துப் பார்த்து, "இங்கதான் வேலையே நடக்குது" என்பார்.

"அத்தை, இவரு மந்திரவாதியா இருப்பாருலா" என்றாள் என் மருமகள்.

அந்த நேரம் பார்த்து என் செவலை ஆடு இரட்டைக் குட்டி போட்டது. மடியில் பால் இல்லை. குட்டிகள் பாட்டில் பாலில் உயிரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடின. பக்கத்து ஊரான செங்கிலிருந்து, தவ்ஃபூ என்ற சோயாக் கட்டி செய்யப் பிழிந்த சக்கை வாங்கி, தாய்க்கு அள்ளி அள்ளிப் போட்டேன். பலனில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"அக்கா, நீங்க போடுறத செவலை சாப்பிடல."

"கண்ணு தெரியலையா? தொட்டியே காலி."

"மொத வயித்துல இருக்கிற கிருமிங்க சாப்பிடுது. பாதி சத்து மூத்திரத்துல போயிடும். அப்புறம் அந்தக் கிருமிங்களையே ஆடு செரிச்சு, சிறுகுடல்ல அமினோ ஆசிடா உறிஞ்சணும். அதுலயும் குடல் தன் பங்க எடுத்துக்கும். மிச்சம் இருந்தாத்தான் பாலு."

"அப்ப இத்தன நாளா நான் கிருமிக்கா சோறு போட்டேன்?"

"ஆமாக்கா. நல்லா வளத்திருக்கீங்க."

சக்கையைக் காயவைத்து வறுத்துப் போட வேண்டுமாம். வறுத்தால் கிருமிகளுக்குப் பல் இறங்காதாம். சத்து சிறுகுடல்வரை போய்ச் சேருமாம். எங்கள் வீட்டு மனிதர்களுக்கே தீபாவளிக்குத்தான் வறுவல்! ஆனாலும் குட்டிகளைப் பார்த்தேன். குவாலிச் சட்டியை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்றேன்.

"கருகினா சிறுகுடலும் திருப்பி அனுப்பிடும்" என்று கரண்டியால் ஓயாமல் கிளறினார். இறக்கியதும் சொன்னேன்:

"மொதல்ல நீங்க தின்னுங்க, தம்பி."

"நானா?"

"பின்னே? விஷமா இருந்தா?"

ஒரு பிடி வாயில் போட்டு மென்றார். இன்னொரு பிடி எடுத்தார். "கொஞ்சம் உப்பு இருக்காக்கா?"

தினமும் வந்தார், வறுத்தார், தின்றார். மிச்சத்தைச் செவலைக்குக் கொடுத்தார். இந்தத் திட்டமே இவர் வயிற்றுக்குத்தானோ என்று எனக்குப் புதுச் சந்தேகம்.

ஒரு நாள் காலையில் கொட்டகையைத் திறந்தேன். குட்டிகள் இரண்டும் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. வாயோரம் பால்நுரை. வால் நிற்கவே இல்லை. அவர் வேலியைப் பிடித்தபடி, பேச மறந்து நின்றார். பேசாத அவரை அன்றுதான் பார்த்தேன்.

நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "வெயில்ல நின்னு என்னத்தப் பாக்குறீங்க? உள்ள வாங்க" என்று அதட்டினேன்.

அன்று உலையில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து அரிசி போட்டேன்.