பனி மூடிய சோலார்

இந்தக் குளிர்காலத்தில் டூங்கபி வீட்டை விட்டு ஓர் அடிகூட நகர்வதில்லை என்று கணேசலிங்கம் முடிவெடுத்துவிட்டார். முடிவெடுக்க அவர் ஒருவரே போதும்; அதை மனைவி யோகாவிடம் சொல்வதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

விஷயம் இதுதான். மகள் வினுஷாவுக்கு அடுத்த மாதம் பிள்ளை கிடைக்கப்போகிறது. அவளும் மருமகன் பிரஷாந்தனும் இருப்பது பனிமலை ஊரான ஜிண்டபைனுக்கு வெளியே, மின்கம்பம் எட்டிப் பார்க்காத ஒரு மலைக்காணியில். கூரையில் சோலார், அறைக்குள் பற்றரி, அவ்வளவுதான் கரண்ட். யோகா அங்கே போய் மூன்று மாதம் நிற்கவேண்டும் என்கிறாள். யோகா இல்லாத வீட்டில் மூன்று நாள்கூடக் கணேசலிங்கத்தால் இருக்க முடியாது. கூடப் போகலாம்தான். ஆனால் அங்கே பனி கொட்டும். மனுசன் டூங்கபிக் குளிருக்கே கட்டிலிலும் கம்பளித் தொப்பி கழற்றாதவர்.

ஆகவே ஒரு சாட்டுக் கண்டுபிடித்தார்.

"இஞ்சை பாரும் யோகா, பனி கொட்டினா சோலார் வேலை செய்யாது. பச்சைப் பிள்ளையை இருட்டுக்குள்ள வச்சிருக்கிறதே? வினுஷாவை இஞ்சை வரச் சொல்லும்."

"ஓமப்பா, நீங்கள் சொல்லுறது சரிதான்."

கணேசலிங்கம் பயந்துபோனார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் இவ்வளவு விரைவாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

"ஆனா நான் சொன்னா மருமகன் கேப்பாரே? நீங்கள் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்த மனுசன். நேர வந்து பார்த்து நீங்களே சொல்லுங்கோவன். சனிக்கிழமை போட்டு ஞாயிறு வந்திடலாம்."

அந்த 'எலக்ட்ரிக்கல்' போதும் அவருக்கு. மூன்று ஸ்வெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

ஞாயிறு காலை பார்த்தால் கூரை முழுக்க வெள்ளை. சோலார் இருந்த இடமே தெரியவில்லை. கணேசலிங்கத்தின் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மருமகனின் கைப்பேசியை வாங்கி எவ்வளவு கரண்ட் வருகிறது என்று பார்த்தார். முட்டை!

"பார்த்தீரே யோகா? நான் அப்பவே சொன்னனான்!"

"ஓமப்பா. இந்தாங்கோ கோப்பி. வெளியில கதிரை போட்டிருக்கிறன், இருந்து வடிவாப் பாருங்கோ."

இருந்து பார்த்தார். மேகம் விலகி வெயில் வந்தது. மேல் விளிம்பில் பனி உருகி, கறுப்புக் கண்ணாடி ஒரு கீற்றுத் தெரிந்தது. கறுப்பில் சூடேறியதும் பனி மெல்ல நகர்ந்தது. பிறகு மொத்தமும் தொபுக்கென்று சறுக்கி விழுந்தது, கோப்பிக்குள்ளும் கொஞ்சம்.

திட்ட வாயெடுத்தவர் கைப்பேசியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இலக்கம் ஏறிக்கொண்டே போனது. பனல் ஒன்றுக்கு என்று பார்த்தால், தை மாதத்தில் கோடை வரும் டூங்கபியில், அந்த வெக்கையில் அவருடைய கூரைச் சோலார் தருவதைவிடக் கூட.

"பிரஷாந்தன்! இதென்ன, பழுதோ?"

"இல்லை மாமா. பனலுக்கு வெளிச்சம்தான் வேணும், சூடு கூடாது. வெக்கையில சோர்ந்திடும், குளிரில உசாராகும். பனியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் சேருது. பகல் குறைவு, அதுதான் ஒரு பிரச்சினை. மூட்டமான நாளுக்கு ஜெனரேட்டர் இருக்கு."

மதியத்துக்குள் கணேசலிங்கம் வேறு ஆளாகிவிட்டார். மருமகன் சொன்னதையே மருமகனுக்கு விளக்கினார். "ஐ நோ, அப்பா!" என்று வினுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஆகிவிட்டது அவருக்கு. அந்தப் பழியையும் சோலாரின்மேல்தான் போட்டார்.

"யோகா, இந்தப் பிள்ளையளுக்கு சோலாரைக் கவனிக்கத் தெரியாது. நான் நிண்டாத்தான் சரி. நீரும் நில்லும்."

யோகா போய்க் காரின் பின்பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பெரிய சூட்கேஸ், பத்தியக்கறிக்குச் சரக்குத்தூள், அவருடைய தலையணை.

"வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டுக் கபிலனிட்டைக் குடுத்திட்டுத்தான் வந்தனான்," என்றாள். "உங்களை விட்டுட்டு என்னாலயும் இருக்க ஏலாதப்பா."

அவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தலையணையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்ன இருந்தாலும், பனியையும் வெயிலையும் நேரில் பார்த்து முடிவெடுத்தது நான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்போது நீளமான தும்புத்தடியோடு பிரஷாந்தன் வந்தான்.

"மாமி, நாளைக்குக் காலமை வழக்கம்போல பனியைத் தள்ளி விடட்டோ, இல்லாட்டி மாமா பார்க்கிறதுக்கு இண்டைக்கு மாதிரி விட்டு வைக்கட்டோ?"